ஷட்டரில் வைத்த பொட்டு

லுல்வாவின் காதுக்குப் பின்னால் வள்ளிநாயகி முதல் பொட்டு வைத்தபோது அந்தப் பிள்ளைக்கு நாற்பது நாள்கூட ஆகியிருக்கவில்லை. தோஹாவில் அந்தப் பெரிய வீட்டு வாசலில் பெட்டியோடு வந்து நின்றவளைக் கைகால் கழுவச் சொல்லி, கழுவின கையில் குழந்தையைத் தூக்கிக் கொடுத்துவிட்டார்கள். தலை நிறைய முடி. கண்ணை உருட்டி உருட்டிப் பார்த்தது. இப்படி ஒரு பிள்ளையை வெறும் முகத்தோடு வைத்திருக்கிறார்களே, கண்பட்டால் தாங்குமா என்று அவள் நினைத்தாள். அன்று சாயங்காலமே பெட்டியிலிருந்து மை டப்பாவை எடுத்து, மோதிர விரலால் தொட்டு, வெளியில் தெரியாத இடமாகப் பார்த்து இடது காதுக்குப் பின்னால் வைத்தாள். முருகா, நீதான் காவல் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அது தவறியதே இல்லை. காலையில் குளித்து, தன் அறையில் துணிப்பெட்டிக்குள் வைத்திருந்த முருகன் படத்தைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, துளி விபூதியை நெற்றியில் வைத்து உடனே அழித்துவிடுவாள். அழித்தாலும் வைத்தது வைத்ததுதானே. பிறகு பிள்ளையின் அறைக்குப் போவாள். பால் குடிக்கிற வயதில் வைத்தாள், பள்ளிக்கூடம் போகிற வயதில் வைத்தாள், பிள்ளை அவளைவிட உயரமாக வளர்ந்த பிறகும் வைத்தாள். லுல்வா தலையைச் சாய்த்துக் கூந்தலை ஒதுக்கிக் காட்டும். அது அவர்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

இன்னொரு விஷயமும் அப்படித்தான். லுல்வாவுக்குத் தமிழ் வரும். தாலாட்டும் திட்டும் கொஞ்சலும் தமிழிலேயே கேட்டு வளர்ந்த பிள்ளை, வள்ளிநாயகியின் ஊரான இலங்கைப் பொகவந்தலாவைத் தேயிலைத் தோட்டத்துத் தமிழை அப்படியே பேசும். "ஐயோ சாமி, இன்னைக்கு என்னா வெயிலு" என்று அந்த அரபுப் பிள்ளை சொல்லிக் கேட்டால் யாருக்கும் சிரிப்பு வரும். சிறுபிள்ளையாக இருந்தபோது ஒருமுறை விருந்தாளிகளுக்கு முன்னால் அப்படிப் பேசிவிட்டது. அதன் தாய்க்கு முகம் சுருங்கிப் போயிற்று. வேலைக்காரிகளின் பேச்சு என் மகளுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து தமிழும் பொட்டைப் போலக் கூந்தலுக்குள் போயிற்று. கதவைச் சாத்திக்கொண்டுதான் பேசுவார்கள்.

அரபு வீடுகளில் எசமானியை மாமா என்றும் எசமானை பாபா என்றும் வேலைக்காரர்கள் கூப்பிடுவது வழக்கம். இந்த மாமாவும் பாபாவும் கெட்டவர்கள் என்று சொல்ல முடியாது. அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. பெருநாளைக்குத் துணி எடுத்துத் தந்தார்கள். மாமாவுக்கு ஒரு பயம் மட்டும் உண்டு. சூனியத்துக்குப் பயம். அடுத்த தெருவில் ஒரு வீட்டில் பணிப்பெண்ணின் பெட்டிக்குள் எசமானியின் தலைமுடி இருந்ததென்று அவளைப் போலீஸில் கொடுத்த கதையை, வருகிறவர்கள் எல்லோரிடமும் மாமா சொல்வாள்.

அந்தக் கதை காதில் விழும்போதெல்லாம் சமையற்கட்டில் ஷம்சியா வள்ளிநாயகியை ஒரு பார்வை பார்ப்பாள். ஷம்சியா அந்த வீட்டுச் சமையல்காரி. இலங்கையின் கிழக்குக்கரை அக்கரைப்பற்றுக்காரி. அவர்கள் பக்கத்தில் அக்காவைத் தாத்தா என்பார்கள், அதனால் வள்ளிநாயகிக்கும் அவள் தாத்தாதான்.

"வள்ளி, ஒனக்குச் சொன்னா வெளங்காதா புள்ள? அந்த மையத் தூக்கி எறி. ஒரு நாளைக்கு ஆரும் கண்டாங்கண்டா ஒன்னய மட்டுமில்ல, என்னயும் சேத்துக் கட்டி அனுப்புவாங்க."

"புள்ளைக்குக் கண்ணேறு பட்டா யாரு தாத்தா பாக்கறது?"

"அவட உம்மாவும் வாப்பாவும் பாப்பாங்க. நீ ஆரு?"

புருஷன் செத்த வருஷம், இரண்டு வயது மகள் மதுஷாவை அக்கா சரசுவிடம் விட்டுவிட்டு விமானம் ஏறியவள் வள்ளிநாயகி. மதுஷா முதல் வார்த்தை எழுதியதைப் பார்க்கவில்லை. அவள் பெரியமனுஷி ஆன சடங்கை ஃபோனில்தான் பார்த்தாள், அதுவும் பாதியில் நின்றுவிட்டது. ஊருக்குப் போகிற லீவுகளில் மதுஷா ஒரு முழம் தள்ளியே படுப்பாள். மகளிடம் கிடைக்காததெல்லாம் லுல்வாவிடம் கிடைத்தது. லுல்வாவின் கல்யாணம் வரைக்கும் கூட இருந்து, அவள் பிள்ளைக்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டால் போதும், அப்புறம் சாமி எப்போது கூப்பிட்டாலும் சரி என்று அவள் நினைத்திருந்தாள். அந்த ஒரு ஆசைக்காகத்தான் அந்த வீட்டில் இருந்தாள்.

லுல்வாவுக்குப் பதினாறு நடக்கும்போது ஜப்பான் பைத்தியம் பிடித்தது. அறைச் சுவர் முழுக்கப் பெரிய கண்ணும் நீல முடியுமாக ஜப்பான் படங்கள். ராத்திரி பகல் பாராமல் ஃபோனில் ஜப்பான் பாட்டு. ஜப்பான்காரப் பிள்ளைகள் எப்படிச் சட்டைக்கு மேல் சட்டை போடுகிறார்கள், எந்தச் சுவரில் என்ன வரைகிறார்கள், எல்லாம் அதற்கு அத்துப்படி. அந்தக் கோடையில் பாபா எல்லோரையும் ஒசாகா நகரத்துக்குக் கூட்டிப்போவதாகச் சொன்னார். வள்ளிநாயகிக்கு அதே மாதத்தில் லீவு. டிக்கட் போட்டாகிவிட்டது.

"நீ வரலன்னா நானும் போகல" என்று லுல்வா கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டது. "கெஞ்சறேன் வள்ளி. நீ இல்லாம மாமா என்னை ரூமை விட்டு வெளிய விட மாட்டாங்க."

மாமாவும் சொன்னாள். "இந்தத் தடவை எங்களோடு வா. ஊருக்கு அப்புறம் போகலாம்."

வள்ளிநாயகி மதுஷாவுக்கு ஃபோன் போட்டுச் சொன்னபோது, மதுஷா அழவோ கோபப்படவோ இல்லை.

"ஜப்பானா? போய்ட்டு வாங்க. நல்லா இருக்குமாம்" என்றாள். அவ்வளவுதான்.

ஒசாகாவில் அவர்கள் தங்கிய ஹோட்டல் ஆகாயத்தில் பாதி உயரத்துக்கு இருந்தது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, மாமா லுல்வாவின் தம்பி தங்கைகளோடு பெரிய கடைக்குப் போகக் கிளம்பினாள். லுல்வாவுக்கு ஒரு மத்தியானம் தெருவில் நடந்து பார்க்க அனுமதி கிடைத்தது. அதற்கு மாமா போட்ட கட்டுப்பாடுகள் இருந்தன. தலையிலிருந்து ஷேலா, அதுதான் அவர்கள் போடும் கறுப்பு முக்காடு, இறங்கக் கூடாது. முகத்தை யாரும் படம் எடுக்கக் கூடாது. வள்ளிநாயகி கூடவே இருக்க வேண்டும்.

"அவளை விட்டுக் கண்ணை எடுக்காதே" என்று மாமா வள்ளிநாயகியின் கையைப் பிடித்துச் சொன்னாள். "உன்னை நம்பித்தான் அனுப்புகிறேன்."

போன இடத்துக்குப் பேர் அமெரிக்காமுரா.

"ஜப்பானுக்குள்ள வந்து எதுக்குப் பாப்பா அமெரிக்கா?"

"அது பேரு அப்பிடித்தான். நீ வா, பேசாம வா."

சின்னச் சின்னத் தெருக்கள். பழைய துணி விற்கிற கடைகள் வரிசையாக. அடுத்தவர் உடுத்திக் கழித்த சட்டைக்கு இந்த ஊர்ப் பிள்ளைகள் இப்படி அடித்துக்கொள்கிறார்களே என்று வள்ளிநாயகிக்கு ஆச்சரியம். தோட்டத்தில் பழந்துணி போடுவது ஏழ்மை, இங்கே அது பவிசு. பச்சை முடி வைத்த பையன், இரண்டு கன்னத்திலும் நட்சத்திரம் ஒட்டின பெண், பொம்மை மாதிரி குடைப்பாவாடை கட்டின பெண், முழங்கால் கிழிந்த கால்சட்டைக்காரர்கள். தெருவிளக்குகளைக்கூட மனுஷன் மாதிரி செய்து நிறுத்தியிருந்தார்கள். இரும்புக் கையை அகட்டிக்கொண்டு அவை விளக்கைத் தாங்கி நின்றன. நடுவில் ஒரு முக்கோண இடம். அதில் பிள்ளைகள் படியில் உட்கார்ந்து, சும்மா, எந்த வேலையும் இல்லாமல், பந்து மாதிரி ஒரு பலகாரத்தைக் குச்சியால் குத்தித் தின்றுகொண்டிருந்தார்கள். யாரும் யாரையும் விரட்டவில்லை.

"இந்தா, சாப்பிடு" என்று லுல்வா ஒன்றை நீட்டியது.

"உள்ள என்னா இருக்கு?"

"கணவா மாதிரி ஒரு மீனு."

"இன்னைக்குச் செவ்வாக்கெழம பாப்பா. நீ தின்னு."

சுவர்களைப் பார்த்துத்தான் வள்ளிநாயகி நின்று நின்று போனாள். கட்டடம் உயரத்துக்கு ஒரு பறவை. மின்சாரப் பெட்டியில் பல்லைக் காட்டும் பூனை. குழாயிலும் கம்பத்திலும் ஒட்டுப்படங்கள். பூட்டின கடைகளின் ஷட்டர்களிலெல்லாம் முகங்கள், மண்டையோடுகள், யாருக்கும் விளங்காத வளைந்த எழுத்துகள். அவர்கள் தோட்டத்தில் சுவரில் எழுதுகிறதென்றால் தேர்தல் வரும்போது தொழிற்சங்கத்துக்காரர்கள்தான் எழுதுவார்கள், அதுவும் முதல் மழையிலேயே அழிந்துவிடும். இங்கே வேண்டுமென்றே எழுதி, அதைப் படம் எடுக்க ஆள் ஆளாக வருகிறார்கள்.

நடக்க நடக்க லுல்வாவின் ஷேலா நெற்றியிலிருந்து உச்சிக்கும், உச்சியிலிருந்து கழுத்துக்கும் இறங்கியது. வள்ளிநாயகி பின்னாலிருந்து இரண்டு தடவை இழுத்துவிட்டாள். மூன்றாம் தடவை லுல்வா திரும்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டது.

"வள்ளி, இன்னைக்கு ஒரு நாள். இங்க யாருக்கு என்னைத் தெரியும்? மாமாகிட்ட சொல்ல மாட்ட தானே?"

அந்தக் கை அவள் கைக்குள் இருந்தது. சின்ன வயதில் ரோடு தாண்டும்போது பிடிக்கிற மாதிரியே, அவள் சுண்டுவிரலை மட்டும் தனியாகச் சுற்றிப் பிடித்திருந்தது.

"சொல்லல" என்றாள் வள்ளிநாயகி.

ஒரு சந்துக்குள் பூட்டிக்கிடந்த கடையின் ஷட்டரில் ஓர் இளம்பெண் வரைந்துகொண்டிருந்தாள். ரோஸ் நிற முடி, காதில் நாலைந்து வளையம், கையெல்லாம் சாயம். போகிற வருகிறவர்களைக் கவிழ்த்த பெட்டியில் உட்காரவைத்து முகத்தைப் பெரிசாக வரைவாள். அடுத்த ஆள் வந்தால் அதன் பக்கத்தில் இன்னொன்று. கையும் ஜாடையுமாக லுல்வாவை அவள் கூப்பிட்டாள். வள்ளிநாயகி வேண்டாம் என்பதற்குள் லுல்வா போய் உட்கார்ந்துவிட்டது.

ஸ்ப்ரே டப்பா சீறச் சீற ஷட்டரில் முகம் எழும்பியது. முதலில் கண் வந்தது. பிறகு மூக்கு. பிறகு கூந்தல், காற்றில் பறக்கிற மாதிரி, பக்கத்துக் கடை ஷட்டர் வரைக்கும். அவள் குளிப்பாட்டி, துடைத்து, காய்ச்சலில் மடியில் போட்டு உட்கார்ந்திருந்த முகம், ஆள் உயரத்துக்கு அங்கே நின்று சிரித்தது. அவ்வளவு அழகு.

அந்த அழகுதான் பயத்தைக் கொண்டுவந்தது. சந்துக்குள் போன நாலு பேர் நின்று பார்த்தார்கள். அப்புறம் பத்துப் பேர். நாளைக்கு எத்தனை பேரோ. இந்த ஊரே பார்க்கும், இனி ராப்பகலாக இந்தத் தெருவில் போகிற கண்ணெல்லாம் பிள்ளையின் முகத்தில் விழும், காவலுக்கு ஒரு புள்ளி மைகூட இல்லை. கண்ணேறு கழிக்கக் காலடி மண் வேண்டும். குனிந்து பார்த்தாள். நாசமாய்ப் போன ஊரில் தெரு கழுவிவிட்ட மாதிரி கிடந்தது. கிள்ளி எடுக்க ஒரு தூசி இல்லை. கைப்பையைத் துழாவினாள். மத்தியானம் கடையில் உருளைக்கிழங்குப் பொரியலோடு கொடுத்த உப்புப் பொட்டலம் இருந்தது. மை டப்பாவும் இருந்தது.

டப்பாவில் விரலைவிட்டு வழித்து எடுத்தாள். பெரிய முகத்துக்குச் சின்னப் பொட்டு காணாது. ஷட்டரில் இருக்கிற முகத்துக்குக் காதின் பின்பக்கம் எங்கே தேடுவது? எல்லோரும் பார்க்கிற இடது கன்னத்திலேயே, ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு அழுத்தி வைத்தாள். பிறகு உப்பைக் கையில் கொட்டி மூடிக்கொண்டு, படத்தை இடமும் வலமுமாக மூன்று சுற்றுச் சுற்றினாள். ஊர்க்கண்ணு, உறவுக்கண்ணு, நல்ல கண்ணு, நொள்ளக் கண்ணு, எல்லாக் கண்ணும் போகட்டும் என்று முணுமுணுத்து, மூன்று தடவை துப்புகிற மாதிரி செய்து, உப்பைச் சந்தின் ஓரத்து வாய்க்காலில் போட்டாள்.

திரும்பிப் பார்த்தால், பெரிய கூட்டம். ரோஸ் முடிப்பெண் கோபிக்கவில்லை. கையைத் தட்டினாள், குனிந்து குனிந்து கும்பிட்டாள், பொட்டைக் காட்டி ஏதோ சொல்லிச் சிரித்தாள். லுல்வா ஃபோனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வர நின்றது.

"முழுக்க எடுத்துட்டேன் வள்ளி. ஐயோ சாமி, நீ துப்பினியே, அதுதான் சூப்பர்."

"அதெல்லாம் எதுக்குப் பாப்பா எடுக்கற? அழிச்சிரு."

"என் சிநேகிதிங்க மட்டுந்தான் பாப்பாங்க. வேற யாரும் பாக்க முடியாது. பயப்படாத."

அன்றைக்குத் திரும்பி நடக்கும்போது லுல்வா அவள் தோளில் சாய்ந்துகொண்டே வந்தது. அவளுக்கென்று ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தது, கோபுரம் மாதிரி உயரமாக. நாலு நிறத்தில் இருந்த அதைத் தின்னத் தெரியாமல் தின்று மூக்கிலெல்லாம் பூசிக்கொண்டாள். ஹோட்டல் வாசல் வந்ததும் ஷேலாவை லுல்வா தானாகவே சரிசெய்துகொண்டது. வள்ளிநாயகி பின்பக்கம் ஒரு முடியை உள்ளே தள்ளிவிட்டாள். தன் ஆயுசில் அப்படி ஒரு பகல் கிடைத்ததற்கு அன்று ராத்திரி முருகனுக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் படுத்தாள்.

தோஹாவுக்கு வந்து இரண்டு வாரம் இருக்கும். வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து பாபாவின் அக்கா வந்திருந்தார். சாப்பாடு ஆன பிறகு வள்ளிநாயகியைக் கூடத்துக்குக் கூப்பிட்டார்கள். மாமா, பாபா, அத்தை, மூவரும் இருந்தார்கள். லுல்வா சோபாவின் ஓரத்தில் கையைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. மாமாவின் கையில் ஃபோன் இருந்தது. லுல்வா எடுத்த வீடியோவைச் சிநேகிதிகளில் ஒருத்தி தன் தாய்க்குக் காட்ட, தாய் இன்னொருத்திக்குக் காட்ட, அது சுற்றிச் சுற்றி அத்தையிடம் வந்து சேர்ந்திருந்தது.

மாமா கத்தவில்லை. ஃபோனை நீட்டினாள். ஷட்டரில் லுல்வாவின் விரிந்த கூந்தல். அதற்கு முன்னால் கையில் எதையோ மூடிக்கொண்டு, வாய்க்குள் முணுமுணுத்து, சுற்றிச் சுற்றிக் கையை ஆட்டி, துப்புகிற ஒரு கறுத்த பொம்பளை. தன்னையே பார்த்தபோது வள்ளிநாயகிக்கே ஒரு நிமிஷம் உடம்பு சிலிர்த்தது. ஆமாம், அப்படித்தான் தெரிந்தது.

"என் மகளின் முகத்தைத் தெருச்சுவரில் வரையச் சொன்னது யார்?" என்று மாமா கேட்டாள்.

வள்ளிநாயகி லுல்வாவைப் பார்த்தாள். சொல்லட்டும் என்று காத்திருந்தாள். பிள்ளை தரையைப் பார்த்தது.

அத்தை சொன்னார். "இவள் செய்வதைப் பார். இது வேறு என்ன? சிஹ்ர்." சிஹ்ர் என்றால் சூனியம். அந்த வார்த்தை விழுந்ததும் மாமா ஃபோனைக் கீழே வைத்துவிட்டாள்.

"லுல்வா, சொல்" என்றார் பாபா. "ஷேலாவை ஏன் எடுத்தாய்?"

லுல்வா எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தது. எந்தப் பக்கம் போனால் தப்பலாம் என்று பிள்ளை தேடுவது வள்ளிநாயகிக்கு விளங்கியது. ஜாடியை உடைத்துவிட்டு நிற்கிற வயதிலிருந்து அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும். அப்போதெல்லாம், நான்தான் உடைத்தேன் மாமா என்று இவள்தான் முன்னால் போய்ச் சொல்லியிருக்கிறாள்.

"வல்லிதான் எடுக்கச் சொன்னாள்" என்றது லுல்வா அரபியில், பேரைக்கூட அரபிக்காரர் மாதிரி மாற்றி. "உட்காரச் சொன்னதும் அவள்தான். ஏன் என்று எனக்குத் தெரியாது. எனக்கு அன்றைக்குத் தலை சுற்றுகிற மாதிரி இருந்தது."

தலை சுற்றியது என்றதும் அத்தை நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். மாமா எழுந்து போய் மகளைக் கட்டிக்கொண்டாள்.

வள்ளிநாயகிக்குத் தெரிந்த அரபியெல்லாம் அந்த நேரத்தில் ஓடிப்போயிற்று. கூந்தலுக்குள் ஒளித்துவைத்திருந்த பாஷைதான் வந்தது.

"பாப்பா, ஷேலா எடுத்ததுக்கு வேணும்னா நான் ஏத்துக்கறேன். வரையச் சொன்னதும் நான்தான்னு சொல்லிக்க. ஆனா இந்தச் சூனியம்ங்கற வார்த்தைய மட்டும் எம்மேல போடாத கண்ணு. நான் எதுக்குப் பொட்டு வைக்கறேன்னு ஒனக்குத் தெரியும். அத மட்டும் சொல்லிரு."

"என்ன சொல்கிறாள்?" என்று மாமா மகளிடம் கேட்டாள்.

லுல்வா தாயின் தோளில் முகத்தை வைத்தபடியே சொன்னது. "தெரியாது மாமா. அவள் பேசுவது எனக்கு விளங்கவில்லை."

இனி யாரிடம், எந்தப் பாஷையில் சொல்வது?

அவள் அறையைத் தேடினார்கள். முருகன் படம், விபூதிப் பை, கையில் கட்டுகிற கயிறு, மை டப்பா. கடைசியாகச் சீலைத்துணியில் முடிந்த ஒரு சின்ன மூட்டை. மாமாவே அவிழ்த்தாள். உள்ளே ஒரு பால் பல். லுல்வாவுக்கு முதன்முதலாக விழுந்த பல். கூரையில் எறிய வேண்டிய பல்லை, அந்த வீட்டுக்கு எறிகிற மாதிரி கூரை இல்லாததால், ஊருக்குப் போகும்போது லயம் என்கிற தோட்டத்து வரிசைவீட்டின் கூரையில் எறியலாம் என்று முடிந்துவைத்து, பிறகு எறிய மனசு வராமல் அவள் வைத்திருந்தாள். மாமா அதைக் கீழே போட்டுவிட்டு வாயைப் பொத்தி அழுதாள். பயத்தில் அழுதாள், நடிப்பில்லை. அந்த அழுகையைப் பார்த்து வள்ளிநாயகிக்கே பாவமாக இருந்தது.

பாபா போலீஸுக்குச் சொல்ல வேண்டாம் என்றார். "கலாஸ், போதும். இத்தனை வருஷம் இருந்தவள். நாளைக்கே ஊருக்கு அனுப்பிவிடுவோம்." அதைத் தனக்குக் காட்டிய இரக்கம் என்று அவள் ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

ஷம்சியா பெட்டி கட்ட வந்தாள். துணியை மடித்து அடுக்கினாள். கடைசியில் கேட்டாள்.

"புள்ள ஒருக்கா வந்து பாத்தாளா?"

"இல்ல."

"நான் பெத்ததே எனக்கு ஃபோன் போடுறதில்ல, நீ பெறாததுக்குக் காத்துக்கிட்டு இரிக்கியே" என்றாள் ஷம்சியா. பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "அல்லாட காவல்ல போ புள்ள. இந்தப் படத்த நடுவில வெச்சிரிக்கன். கண்ணாடி ஒடையாது."

காலையில் வண்டி வந்தது. மாடிக்குப் போகக் கூடாது என்று உத்தரவு. லுல்வாவின் அறை ஜன்னலுக்குத் திரை போட்டிருந்தது. உள்ளே ஜப்பான் பாட்டு ஓடியது வாசல் வரைக்கும் கேட்டது. வண்டிக்காரன் ஏறச் சொல்லி இரண்டு தடவை யல்லா, யல்லா என்றான். பாட்டு முடிந்தால் திரை விலகும் என்று அவள் நினைத்தாள். ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்கியது. ஏறி உட்கார்ந்தாள்.

பொகவந்தலாவையில் மழை. லயத்தில் சரசு அக்கா, ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. ஒரு தட்டில் ரொட்டியும் சம்பலும் வைத்தாள். மதுஷா டவுனில் ஃபோன் கடையில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். தாயைப் பார்த்ததும் "வந்துட்டீங்களா" என்றாள். படுக்கிற இடத்தை ஒதுக்கிக் கொடுத்தாள். நல்ல பிள்ளை. மரியாதையான பிள்ளை. விருந்தாளியிடம் எப்படிப் பேச வேண்டுமோ அப்படிப் பேசினாள்.

வள்ளிநாயகி மாரியம்மன் கோயிலுக்குப் போய் உட்கார்ந்துகொள்வாள். யாருக்கும் கெடுதல் நினைத்து அவள் கும்பிட்டதில்லை. இப்போதும் லுல்வாவின் பேரைத்தான் முதலில் சொல்லுவாள், வாய்ப் பழக்கம். மதுஷாவின் பேர் அதற்குப் பிறகு வரும். வந்ததும் தன்மேலேயே அவளுக்கு வெறுப்பாக இருக்கும்.

சில மாதம் கழித்து ஒரு காலை நேரம். வேலைக்குக் கிளம்பி நின்ற மதுஷா ஃபோனை நீட்டினாள்.

"இது உங்க பாப்பாதானே?"

லுல்வாதான். முடியை வெட்டியிருந்தது. ஷேலா அழகாக, பாதித் தலையில். இங்கிலீஷில் மளமளவென்று பேசியது. இடது கன்னத்தில், ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு, கறுப்புப் பொட்டு. அதைத் தொட்டுத் தொட்டுக் காட்டியது. அதற்குக் கீழே வேறு வேறு பிள்ளைகளின் முகங்கள், எத்தனையோ ஊர்ப் பிள்ளைகள், எல்லோர் கன்னத்திலும் அதே பொட்டு.

"என்னா சொல்லுது?"

"இது ஜப்பான் ஸ்டைலாம்" என்றாள் மதுஷா. "அங்க ஒரு தெருவுல நடந்து போறப்ப இவங்களே கண்டுபிடிச்சதாம். இப்ப எல்லாரும் வெக்கறாங்க. எங்க கடைக்கு வாற பொண்ணுங்ககூட வெக்குதுங்க."

"வேற?"

"வேற ஒண்ணும் சொல்லல."

"இன்னொருக்கா போடு."

மதுஷா இன்னொரு தடவை போட்டாள். வள்ளிநாயகி கண்ணைக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தாள். பொட்டு மையில்லை, ஏதோ பென்சில். விளிம்பு வெட்டின மாதிரி வட்டமாக இருந்தது. காவலுக்கு வைக்கிற பொட்டு அவ்வளவு ஒழுங்காக இருக்காது. விரல் பட்ட அடையாளம் இருக்கும்.

"அம்மா" என்றாள் மதுஷா. ஃபோனை வாங்கிப் பைக்குள் போட்டபடியே, வேறு எதையோ கேட்கிற மாதிரி கேட்டாள். "எனக்கு இப்பிடி வெச்சிருக்கீங்களா?"

"ஏன் வெக்காம? நீ கைப்புள்ளயா இருந்தப்ப தெனமும் வெச்சேனே."

"எனக்கு ஞாபகம் இல்ல."

"சின்னப் புள்ளதானே." வள்ளிநாயகி சாமித்தட்டுப் பக்கம் திரும்பி அவசர அவசரமாக மை டப்பாவைத் திறந்தாள். விரலைத் தொட்டு எடுத்தாள். "இரு, இந்தா இப்ப வெக்கறேன். காதுக்குப் பின்னாலதான், யாருக்கும் தெரியாது. முடிய ஒதுக்கு கண்ணு."

மதுஷா தலையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள். முகத்தில் கோபம் இல்லை.

"வேணாம்மா. பஸ் வந்துரும்."

குடையை விரித்துக்கொண்டு படியிறங்கினாள். லயத்து முனை திரும்புகிறவரைக்கும் குடை தெரிந்தது, பிறகு தெரியவில்லை. வள்ளிநாயகி விரலை நீட்டிப் பிடித்தபடி நின்றாள். மையைச் சேலையில் துடைத்தால் போகாது. வாசல் நிலைக்குப் பக்கத்தில் சுண்ணாம்புச் சுவரில் தேய்த்துவிட்டு, சரசு அக்கா உள்ளே கூப்பிடுவது கேட்டுப் போனாள்.